ஆரம்பத்திலா, முடியும்போதா?

ராத்திரி மூன்று மணி. சிறுநீர் கழிக்க எழுந்தது ஆறாவது தடவையா ஏழாவது தடவையா என்று எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. முடிந்தது என்று எழுந்தால், இன்னும் இருக்கிறது என்கிறது அடிவயிறு. திரும்ப உட்கார்ந்தால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டு போவதற்குள் பக்கத்துக் குழாயை நான் பிடித்த பிடியில் அதன் திருகு உள்ளங்கையில் அப்படியே பதிந்துவிட்டது. வீட்டில் யாரையும் எழுப்பவில்லை. எழுப்பி என்னவென்று சொல்வது?

அலமாரியில், முன்பொரு முறை பல்வலிக்கு எழுதிக்கொடுத்து மிச்சமான ஆன்டிபயாடிக் அட்டை கிடந்தது. ஐந்து மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு நாள் போட்டேன். எரிச்சல் அடங்கியது. நல்லாத்தானே இருக்கு என்று ஐந்தாவது மாத்திரையை அடுத்த அவசரத்துக்காகப் பத்திரமாக எடுத்துவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அந்த அடுத்த அவசரம் பன்னிரண்டாம் நாளே வந்து நின்றது.

இந்த முறை டாக்டரிடம் போனேன். வயதான பெண்மணி. "யூரின் இன்ஃபெக்‌ஷன் டாக்டர்" என்று நோயின் பெயரையும் நானே சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

"எரியுதுன்னா எப்போம்மா எரியுது? ஆரம்பிக்கறப்பவா, முடியறப்பவா? இல்ல, வெளியில தோல்ல படறப்பவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருடமாகத் தினமும் ஏழெட்டு முறை செய்கிற காரியம். இரண்டு வாரமாக அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஆனாலும் எரிகிற நேரம் எது என்று கவனித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்தால் போதும் என்று வந்திருக்கிறேன்.

அந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. சிறுநீர் கிளம்பும்போதே எரிந்தால், பெரும்பாலும் சிக்கல் அது வெளியேறுகிற குழாயில். கடைசியில், பை சுருங்கி முடிக்கிற நேரத்தில் பிடித்து இழுப்பது போல வலித்தால் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி புண்பட்டிருக்கலாம். ஆண்களுக்கு, பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பியின் தொந்தரவாகவும் இருக்கலாம். உள்ளே ஒன்றும் இல்லாமல், வெளியே தோலில் பட்டதும் எரிந்தால் அது சிறுநீர்ப் பாதையின் நோயாகவே இல்லாமல் போகலாம். தோல் வெடித்திருக்கலாம், பூஞ்சைத் தொற்று இருக்கலாம். இது கச்சிதமான சூத்திரம் இல்லை, ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று இது காட்டிக்கொடுக்கும்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நீர்க்கடுப்பு வேறு, நீர்ச்சுருக்கு வேறு, நீரடைப்பு வேறு. வலியோடு போவது, வலியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, போகவே மாட்டேன் என்பது. யாரோ தன் உடம்பை உற்றுக் கவனித்துத்தான் இந்தச் சொற்களைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் வழித்து 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்ற ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். (கடுப்பு, எரிச்சல் இரண்டுமே கோபத்துக்கும் ஆகிவருகிற சொற்கள். மூன்று மணிக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றாகத்தான் இருந்தது.)

என் விஷயத்தில் வந்தது டப்பாவில் எழுதியிருந்த நோயேதான், சிறுநீர்ப்பைத் தொற்று. சாதாரணமாக வருகிற இந்தத் தொற்றில் நான்கில் மூன்றுக்கு மேல் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தது. அவர் பெயர்தான் பின்னால் அதற்கு வைக்கப்பட்டது. நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிறது. அங்கே இருக்கிற வரை தொந்தரவில்லை. சில வகைகள் அங்கிருந்து நகர்ந்து சிறுநீர் வாசலுக்கு வந்து மேலே ஏறும்போதுதான் வம்பு. பெண்களுக்கு அந்த வெளிக்குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ. ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்துவிடுகிறது என்பதற்கு முக்கியக் காரணம் இந்த நீள வித்தியாசம்தான்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நோய் வந்தவளிடம் முதலில் வருகிற கேள்வி "சுத்தமா இருக்கியா?" என்பதுதான். என்னிடம் கேட்டார்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எந்தத் திசையில் துடைக்கிறோம், எவ்வளவு இறுக்கமான உடை போடுகிறோம் என்பதற்கும் இந்தத் தொற்றுக்கும் உறுதியான தொடர்பு ஆய்வுகளில் தென்படவில்லை. தென்பட்டவை வேறு: உடலுறவு, விந்தணுக்கொல்லி சேர்ந்த கருத்தடைச் சாதனங்கள், முன்பு தொற்று வந்த வரலாறு, அம்மாவுக்கும் இது இருந்திருப்பது. உடலுறவு என்றதும் அது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட நோய் என்று நினைத்துவிடக் கூடாது. வாசலருகே இருக்கிற பாக்டீரியா அந்த அசைவில் உள்ளே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். அளவுக்கு மீறிச் சோப்புப் போட்டுக் கழுவினால், அந்த இடத்தைக் காவல் காக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் விரட்டுகிறோம்.

உள்ளே ஏறிய ஈ.கோலை என்ன செய்கிறது என்று படித்தபோது, வலி கொடுத்த ஜந்து என்பதை மறந்து கொஞ்ச நேரம் அசந்து உட்கார்ந்திருந்தேன். அதன் உடம்பெங்கும் மெல்லிய இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் கொக்கி போல ஒரு புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். கொக்கி அதைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றாவிட்டால் அடுத்த முறை நாம் சிறுநீர் கழிக்கிற வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விடும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகம் ஒரு புரதத்தைச் செய்து சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் 1950இல் பிரித்தெடுத்தது. இப்போதைய பெயர் யூரோமாடுலின். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் அதிகம் இருக்கிற புரதம் அதுதான். நீண்ட நூல் போல மிதக்கிற அதன் மேலெல்லாம் அதே வகைச் சர்க்கரை. பாக்டீரியா சுவர் என்று நம்பி நூலைப் பற்றிக்கொள்கிறது. நாம் எழுந்து போய்க் கழித்துவிட்டு வருகிறோம். நூலோடு அதுவும் போய்விடுகிறது. மீன் தானாக வந்து கவ்வட்டும் என்று தூண்டிலில் போலி இரையை மாட்டிவைத்தது போன்ற ஏற்பாடு.

இது ஒருநாள் தோற்கும்போதுதான் மூன்று மணிக் காட்சி. பை சாதாரணமாக 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும், 150, 200 மி.லி. சேரும்போது போகலாமா என்ற முதல் நினைப்பு வரும். சுவர் வீங்கிச் சிவந்துவிட்டால் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே நிறைந்துவிட்டது என்று நரம்புகள் மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்புகின்றன. அந்த நாலு சொட்டு அவசரத்துக்கு இதுதான் காரணம். சிறுநீரை அடக்கியதால் வந்ததா என்றால், அடக்குவதால் கிருமி பிறப்பதில்லை. உள்ளே இருக்கிற கிருமிக்குப் பெருகவும் பற்றிக்கொள்ளவும் நேரம் கிடைக்கிறது.

டாக்டர் கல்ச்சர் எழுதிக்கொடுத்தார், சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை. "மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முதல் தடவைக்கெல்லாம் கல்ச்சர் வேண்டியதுகூட இல்லையாம். எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்து வந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லாத பெண்ணுக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றுதான் என்று கேட்டே சொல்லிவிடலாம். திரும்பி வந்தால், அதுவும் அரைகுறை மருந்துக்குப் பிறகு வந்தால், பார்த்தே ஆக வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, கழிவறை அங்கே என்று கை காட்டினார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. முன்பும் இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்; நானும் முதல் சொட்டிலிருந்து பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, பாதியில் வருவதை மட்டும் டப்பாவில் பிடித்து, மீதியை மறுபடி வெளியே விட வேண்டும். டப்பாவின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. நின்றால் மறுபடி வராதோ என்ற பயம், எரிச்சல், ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் மூடி, மூடியைக் கவிழ்த்து எங்கும் வைக்கக் கூடாது. கழைக்கூத்துக்குக் குறைவில்லை. ஆனால் முதல் சொட்டுகள் வாசலிலிருக்கிற கிருமியைத்தான் அள்ளிக்கொண்டு வரும். அதைப் பிடித்துக் கொடுத்தால் வாசலின் கதைதான் அறிக்கையில் வரும். பிறகு பல வகைக் கிருமிகள் வளர்ந்திருக்கின்றன, மறுபடி கொடுங்கள் என்பார்கள்.

அறிக்கைகளில் கிருமிகளின் எண்ணிக்கைக்கு 'ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000' என்று ஓர் எல்லைக்கோடு அடிக்கடி வரும். 1956இல் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் முன்வைத்த கணக்கு அது. தொந்தரவு இருக்கிற பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் நோய் இருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது. இன்னொன்று, சிறுநீர் கிருமியே இல்லாத சுத்த நீர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆரோக்கியமான சிறுநீர்ப்பையிலும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது கடந்த பதினைந்து வருடங்களுக்குள்தான் தெளிவானது. வழக்கமான கல்ச்சரில் அவை வளர்வதில்லை, அதனால் கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து என் அறிக்கை வந்தது. ஈ.கோலை. கீழே மருந்துகளின் வரிசை. ஒவ்வொன்றின் எதிரிலும் ஆங்கில எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. என் பல்வலி மாத்திரைக்கு நேராக ஆர். ஆக, முதல் முறை எரிச்சலைத் தணித்தது அந்த மாத்திரையாக இல்லாமலே இருக்கலாம். இந்தத் தொற்று சிலருக்கு மருந்தில்லாமலே தணிவதும் உண்டு; அந்தப் பெருமையை அலமாரி மாத்திரை தட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

டாக்டர் நைட்ரோஃபியூரன்டாயின் எழுதினார், ஐந்து நாள். 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிற மருந்து. ரத்தத்தில் அதிகம் தங்காமல் நேராகச் சிறுநீரில் வந்து சேர்வதால் சிறுநீர்ப்பைக்கு நல்லது. அதே காரணத்தால் சிறுநீரகத் தொற்றுக்கு ஆகாது. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டார். நான் எரிச்சலுக்காக வாங்கி வைத்திருந்த சிட்ரேட் சிரப்பைக் காட்டியதும், "இது இப்ப வேண்டாம்" என்று ஒதுக்கினார். அந்த சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். இந்த மாத்திரைக்கோ அமிலம் இருந்தால்தான் வேகம். எரிச்சல் தணியட்டும் என்று சிரப், கிருமி சாகட்டும் என்று மாத்திரை, இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிற எத்தனை பேர் இருப்பார்கள்!

அடுத்த எரிச்சல் எட்டு மாதம் கழித்து வந்தது. இப்போது நான் விஷயம் தெரிந்தவள். "அதேதான் டாக்டர்" என்றேன். அதே கேள்வி: எப்போ? இந்த முறை கவனித்திருந்தேன். ஆரம்பத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. சிறுநீர் தோலைத் தொடும்போது மட்டும். அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதலும் இல்லை. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. முன்பு நோய் வந்த பயத்தில் புதிதாக வாங்கி, நாளுக்கு மூன்று முறை போட்டுக் கழுவிக்கொண்டிருந்த வாசனைத் திரவச் சோப்புதான் காரணம். நிறுத்தியதும் ஒரு வாரத்தில் சரியானது. அந்த ஐந்தாவது மாத்திரை அலமாரியிலேயே இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பேன். நல்லவேளை, தூக்கிப் போட்டிருந்தேன்.

கல்ச்சரில் ஒன்றுமில்லை என்றால் உடம்பில் ஒன்றுமில்லை என்றும் ஆகாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகள் வழக்கமான சிறுநீர்க் கல்ச்சரில் தெரியாது. தனிச் சோதனை வேண்டும், இணையருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். சிறுநீரகக் கல் இறங்கும்போதும் எரியும். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளில் ஒரு வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், பூஞ்சைத் தொற்றைக் கொண்டுவரும். எந்தச் சோதனையிலும் கிருமி இல்லாமல், பை நிறைய நிறைய வலித்து, கழித்ததும் தணிகிற வலி வருடக்கணக்கில் நீடிக்கும் நோய் ஒன்றும் உண்டு. அவர்களுக்கு மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்தே பல மாதங்கள் ஓடிவிடுகின்றன.

என் அம்மாவின் கதை இதற்கு நேரெதிர். அவருக்கு எரிச்சலே இல்லை. வேறெதற்கோ எடுத்த சிறுநீர்ச் சோதனையில் பாக்டீரியா இருந்தது. ஓர் இடத்தில் மருந்து கொடுத்தார்கள். மறுபடி சோதனை, மறுபடி பாக்டீரியா, மறுபடி மருந்து. மூன்றாவது சுற்றில் வயிற்றுப்போக்கில் துவண்டு படுத்துவிட்டார். வயதானவர்களின் சிறுநீரில் தொந்தரவே இல்லாமல் பாக்டீரியா இருப்பது சகஜம். கர்ப்பிணிகளையும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து கொடுக்க வேண்டியதில்லை. அங்கே அறிக்கைக்கு வைத்தியம் பார்த்தார்கள், அம்மாவுக்கு இல்லை.

பிறகு அம்மாவுக்கு நிஜமாகவே தொற்று வர ஆரம்பித்தது, ஒரே வருடத்தில் நான்கு முறை. ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது வருடத்தில் மூன்று வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று என்ற கணக்கில் சேரும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து, அந்த இடத்துத் தோல் மெலிந்து, காவல் பாக்டீரியா குறைந்துபோகிறது. உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீமுக்கு நல்ல பலன் உண்டு என்பது 1993இலேயே ஆய்வில் வந்தது: தடவியவர்களுக்கு வருடத்துக்கு 0.5 முறை, மருந்தில்லாத போலி க்ரீம் தடவியவர்களுக்கு 5.9 முறை. இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவ ஆய்வுகளில் அபூர்வம். ஆனாலும் நான்காவது தொற்று வரை அம்மாவிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுபது வயதுப் பெண்ணிடம் அந்த இடத்தைப் பற்றிப் பேசக் கூச்சமா, பேச வேண்டும் என்றே தோன்றவில்லையா, தெரியாது. எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை.

தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். அதை வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைத்திருந்தேன். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரைத் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்தார்கள். ஒரு வருடத்தில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று வந்தது சராசரி 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2. ஏற்கெனவே நிறையக் குடிக்கிறவர்கள் இன்னும் குடித்தால் இதே பலன் என்று இதற்கு அர்த்தமில்லை. கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழமும், அடிக்கடி தொற்று வருகிற பெண்களுக்கு ஓரளவு தடுக்க உதவுகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2023இல் சொன்னது. தடுக்க மட்டும். வந்துவிட்ட தொற்றை அது விரட்டாது.

பொறுத்துப் பார்க்கக் கூடாதவை சில உண்டு. குளிர்க்காய்ச்சலோடு விலாவுக்குப் பின்னால் வலியும் வாந்தியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு வந்தால் சிறிதென்று விடக் கூடாது. ஆண்களுக்கு வந்தால், ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. காரணம் புரியாத காய்ச்சலாக மட்டுமே காட்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், வலியில்லையே என்று நிம்மதியடைவதுதான் ஆபத்து. சிறுநீர்ப்பைப் புற்று பல நேரம் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

போன மாதம் அக்கா மகள் கூப்பிட்டாள். விடுதியில் இருக்கிறாள், இருபது வயது. ஹலோ சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பரீட்சையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஒன்னுக்குப் போனா எரியுது. ஃப்ரெண்டுகிட்ட ஒரு மாத்திரை இருக்காம், போட்டுக்கட்டுமா?"

"மாத்திரை இருக்கட்டும். எப்போடி எரியுது? ஆரம்பிக்கறப்பவா, முடியறப்பவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்:

"இருங்க சித்தி, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."